தண்ணீருக்குள் கைகள்

தங்கையின் செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிடலாமா, வேண்டாமா என்று திங்கட்கிழமை காலை இளவழகன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். "ரெண்டு நாளாவது எதையும் யோசிக்காம இருடா" என்று நண்பன் ஜெபராஜ்தான் அவனை இந்த மலை ஏரிக்கு மீன் பிடிக்க இழுத்து வந்திருந்தான். ஞாயிறு மதியம் இளவழகனின் தூண்டிலில் ஒரு மீன் சிக்கியது. முள்ளைக் கழற்றித் திரும்ப ஏரியில் விட்டான். அது வயிறு மேலே தெரிய மிதந்தது. குனிந்து அதை நிமிர்த்தி, தண்ணீருக்குள்ளேயே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான். செவுள் மெல்ல அசைந்தது.

"என்னடா, மீனுக்கே நீச்சல் சொல்லித் தர்றியா?"

"விட்டா சாய்ஞ்சிடுது."

ஜெபராஜ் கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டினான். பைகளை வண்டியில் ஏற்றினான். தேநீர் போட்டுக் கொண்டுவந்து இளவழகனின் வாயருகே பிடித்தான். சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் அவன் குடித்து முடித்தான்.

"இருட்டுறதுக்குள்ள மலை இறங்கணும்டா."

"இன்னும் கொஞ்ச நேரம்."

குளிரில் மரத்துப்போன விரல்களுக்கிடையே அசைவது மீனா, அலையா என்று இளவழகனுக்குப் புரியவில்லை. ஜெபராஜ் பக்கத்தில் மண்டியிட்டு, தன் கைகளையும் ஏரிக்குள் விட்டான்.

"நான் பிடிச்சுக்கிட்டேன். நீ கைய எடு."

இளவழகன் எடுத்தான். எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தான். குனிந்து பார்த்தபோது அவன் கைகள் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தன.