இறங்குவானா

தனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று முஹ்ஸினாவுக்கே இப்போது சந்தேகம் வருகிறது. கல்யாணத்துக்கு முன்பு பார்த்த காதல் படம், மறுபடி வெளியாகியிருக்கிறது. அவளுக்குப் பிடித்த நடிகர் கடைசியில் காதலிக்காக ரயிலிலிருந்து இறங்கிவிடுவார் என்கிறாள் அவள். போயேவிடுவார் என்கிறான் கணவன் அஹ்சன். அவனுடைய விடுப்பு முடிய மூன்று நாள்தான் இருக்கிறது. "உன் ஆளு எறங்கிட்டாம்னா நானும் துபாய்க்குப் போகலட்டி" என்று காலையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும்போது பந்தயம் கட்டியிருக்கிறான். தென்காசித் தியேட்டரின் தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம் கேட்கிறது. இருக்கைக் கைப்பிடியில் அவனுடைய ஈரத்துண்டு கிடக்கிறது. திரையில் ரயில் நகர, அதன் ஜன்னல் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அவன் முகத்தைக் கடந்து போகின்றன. முஹ்ஸினா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "படத்தப் பாருட்டி." "நீங்க பாருங்க மச்சான். நான் இங்கனயே தெரிஞ்சுக்கிடுதேன்." சட்டென்று தியேட்டர் முழுக்க விசில் பறக்கிறது. அஹ்சன் சிரிக்கவில்லை. ஈரத்துண்டை எடுத்து மெதுவாக மடிக்கிறான், பிரித்து மறுபடியும் மடிக்கிறான்.

அவள் நினைவு சரிதான், நடிகர் இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை அஹ்சன் விமானம் ஏறினான். முஹ்ஸினா தென்காசியில் இருக்கிறாள். அந்த நடிகர் இப்போது அப்பா வேடங்களில் நடிக்கிறார்.