ஒத்தட நாய்

“கதவைத் திறங்க மேஸ்திரி, மருந்து ஆறிடப் போகுது!”

எவாரிஸ்தோ மேஸ்திரி நொண்டி நொண்டி வந்து கதவைத் திறந்தார். வாசலில் நின்ற பெலீசா சால்வையைப் பிரித்தாள். உள்ளேயிருந்து மருந்து கொட்டாவி விட்டது.

உடம்பில் முடியே இல்லாத கறுப்பு நாய். நெற்றியில் மட்டும் போனால் போகிறதென்று நாலு முடி. தொட்டால் அப்போதுதான் இறக்கிய பாத்திரம் மாதிரி சூடு. எங்கள் பெரு நாட்டில் மூட்டுவலிக்காரர்களுக்கு இதுதான் ஒத்தடம்.

“எங்க வீட்டு நாய் எதுக்கு இருக்கு?” என்று பெலீசா ஆறு மாதத்துக்கு முன் ஆரம்பித்த வைத்தியம். தினமும் காலை பத்து மணிக்கு நாய் மேஸ்திரியின் முழங்காலில் படுக்கும். மனைவியை இழந்த அவரும் புருஷனை இழந்த அவளும் ஆளுக்கொரு குவளை சிச்சா என்ற சோளக் கள்ளோடு ஊர்வம்பு பேசுவார்கள்.

“இன்கா, இந்தப் பக்கம் திரும்பிப் படுடா” என்று பெலீசா நாயை அதட்டினாள்.

நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

“ராஜ வம்சம், அவ்வளவு திமிரு! இன்கா ராஜாக்களுக்கு முன்னாடியே இவன் பாட்டன் பூட்டன் நம்ம ஊர்ப் பழைய கோயில் மேட்டுல தோண்டி எடுத்த பானையில சிலையா உக்காந்தாச்சு” என்றாள் பெலீசா.

“அங்கயும் இப்படிப் பாதிப் பல்லு இல்லாமத்தான் உக்காந்திருந்தானா?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சால்வையை மடித்துக்கொண்டே, “நாளையிலேருந்து நாய் வராது மேஸ்திரி. அதுக்கு வேற வேலை வந்துடுச்சு” என்றாள்.

மேஸ்திரி நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நீங்க?”

“மருந்தே இல்லாம நான் எதுக்கு?”

இனிமேல் மறைத்தால் இவளை இழக்க வேண்டியதுதான். மேஸ்திரி நாயை இறக்கிவிட்டார். நாற்காலி மேல் ஏறித் தொம்மென்று குதித்தார். அவள் நம்பாமல் பார்க்கவே, இன்னொரு முறையும் குதித்தார்.

“எனக்கு வலியே கிடையாது. நீங்க வரணும்னுதான் ஆறு மாசமா நொண்டினேன். திட்டணும்னா திட்டிடுங்க. ஆனா வராம இருந்துடாதீங்க.”

பெலீசா திட்டவில்லை. அவள் முகம் சிவந்துபோனது. அந்த நேரம் பார்த்துக் கோயில் மேட்டுக் காவல்காரர் விசில் அடித்தார். நாய் ஒரே பாய்ச்சலில் தெருவுக்கு ஓடியது.

“ஐயோ, உங்க நாய் ஓடுது! பிடிங்க!”

பெலீசா சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்து, காலிக் குவளையை அவரிடம் நீட்டினாள்.

“ஓடட்டும் விடுங்க. அது காவல்காரர்கிட்ட இரவல் வாங்கின நாய்!”