வேயாத கூரை

“ஓடு நன்கொடையா வந்திருக்கு சார். நாளைக்கே மேஞ்சிடலாமா?”

“தொட்டுடாதீங்க டீச்சர். குழு வந்து சேதத்தைப் பாக்கணும். சரிபண்ணிட்டா நிதி எப்படிக் கிடைக்கும்? பத்தே நாள்தான்.”

புயலுக்கு மறுவாரம் ரெபேக்காவிடம் அப்படிச் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் ஊராட்சிச் செயலர் சிங்காரவேலுவுக்கு உறுத்தியது. குழு வர எட்டு மாதமாயிற்று. அதற்குள் அவள் நடத்திய காப்பகத்தின் பதினான்கு பிள்ளைகளும் வெவ்வேறு ஊர்க் காப்பகங்களுக்குப் பிரிந்து போயிருந்தார்கள்.

இன்று நிதி ஆணையோடு அவர் வந்து நின்றார். வானம் தெரிந்த கூடத்தை ரெபேக்கா பெருக்கிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் புது ஓடுகள் அடுக்கியபடியே பாசி பிடித்திருந்தன. ஆணையை வாங்கினாள், பிரிக்கவில்லை. இத்தனை மாதம் நாக்கு நுனியிலேயே நின்றது இப்போது வெளியே வந்தது.

“நான் வேணாம்னு அனுப்பலைன்னு, அந்தப் பிள்ளைங்ககிட்ட நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும் சார்.”