இரண்டாமவள் போகட்டும்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மலாவியில், ருகுரு ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சின்னச் சபையில் நடந்ததைச் சொல்கிறேன்.

படுத்த படுக்கையாகிவிட்ட யோராமுக்குச் சாகும் முன் ஞானஸ்நானம் வேண்டும். பட்டணத்திலிருந்து புதிதாக வந்த போதகர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்குச் சபையில இடமில்லை. முதல் மனைவி இருக்கட்டும். இரண்டாமவ இன்னைக்கே வெளியேறணும்" என்றார், யோராமின் மனைவி நியாமோயோவிடம். அவளுக்குத் தலை நரைத்திருந்தது.

"அவ எங்கய்யா போவா?"

"சக்களத்திக்கா வக்காலத்து வாங்குறே? உன் புருஷன் ஆத்துமா கரையேற வேண்டாமா?"

நியாமோயோ படுக்கையைப் பார்த்தாள். "சரிங்கய்யா, போயிடுவா. நீங்க தண்ணியை எடுங்க."

மூலையில் கைக்குழந்தையோடு நின்ற இளையவள் தவோங்கா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "வேண்டாம்க்கா, வேண்டாம்!"

"அழாதே தங்கச்சி, தேவன் உனக்கும் ஒரு வழி காட்டுவார்" என்றார் போதகர்.

ஞானஸ்நானம் முடிந்தது. யோராமின் முகம் தெளிந்தது. நியாமோயோ தன் துணிமூட்டையைத் தலையில் ஏற்றினாள்.

"நீ எங்கம்மா கிளம்பிட்டே?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க? நான் இவரோட அண்ணன் பொண்டாட்டிங்கய்யா. அவர் செத்ததும், எங்க வழக்கப்படி என்னை இவருக்கே பொண்டாட்டியா ஒப்படைச்சாங்க. வயசுலதான் நான் மூத்தவ. இவருக்கு முதல்ல வாக்கப்பட்டவ தவோங்காதான்."

போதகரின் விரலிலிருந்து ஞானஸ்நானத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கும் போக்கிடம் தேடும் நாள் வராமல், எல்லாரும் ஒரே பானைச் சோளக்களியைப் பகிர்ந்து தின்று நன்றாயிருங்கள், கண்ணுகளா.