பட்டாணி வரிசை

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமைக்க என் உடம்பில் தெம்பில்லை. சூப்பர் மார்க்கெட்டில், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடுக்கியிருந்த காய்கறி சாதப் பெட்டிகளை வாங்கி வந்தேன். மைக்ரோவேவில் சூடாக்கி, மேலே ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்து, அப்படியே சாப்பிட வேண்டியதுதான்.

என் கணவருக்குப் பட்டாணியைக் கண்டாலே ஆகாது. அன்று பெட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

"பட்டாணிய என்ன பண்ணீங்க?"

"இதுல ஏதுடி பட்டாணி?"

என் பெட்டியில் இரண்டு பங்கு இருந்தது. மறுநாள் சூடாக்கியபின் பெட்டிகளை மாற்றி வைத்தேன். அப்போதும் அவருடையதில் ஒன்றுகூட இல்லை.

"அவ இருந்தப்ப இப்படித்தான்," என்று சிரித்தார், வாயில் சோற்றோடு. "எல்லாத்தையும் பொறுக்கித் தன் தட்டு ஓரத்துல வரிசையா வச்சுப்பா."

அவள் என்றால் அவருடைய மூத்த தாரம். செத்து நாலு வருஷமாகிறது. என் சமையலைச் சாப்பிட்டு அவர் ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுக்கி வைக்கும் வேலையையாவது எனக்கு விட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் அவர் கைகழுவப் போயிருந்தபோது என் பெட்டியின் தாளைக் கிழித்தேன். உள்ளே, விளிம்பு ஓரமாக, பட்டாணிகள் வரிசையாக இருந்தன.

அவர் வந்து பார்ப்பதற்குள் அத்தனையையும் அள்ளி வாயில் போட்டு மென்றேன். அவளுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.