எட்டாவது கை

தம்ளர் தண்ணீரில் உடைத்து ஊற்றிய முட்டையின் மஞ்சள் கருவுக்கு மேல், வெள்ளை ஒரு கண்ணைப் போலத் திரண்டு நின்றது.

வைத்தியக்காரி தோமாசா தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ணுதான். எவளோ பாத்து ஏங்கிட்டு, தொடாமப் போயிருக்கா. அந்தக் கை வந்து தொட்டாத்தான் எறங்கும். சாயங்காலத்துக்குள்ள தொடணும்."

பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். சுகாதார நிலையத்து மருந்தும் கொடுத்தாகிவிட்டது, பால் போலவே அதுவும் உள்ளே தங்கவில்லை. இடது கண் வலதைவிடச் சிறுத்திருந்தது. அழுது ஓய்ந்து, மூத்த மகள் நாயேலியின் மடியில் முனகிக்கொண்டு கிடந்தான், பாவம்.

நாயேலியின் அம்மா ஹெர்மீனியாவே போய் வீடு வீடாகக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் பிள்ளையைச் சூழ்ந்து நின்ற ஏழு பேரையும்.

அன்றைக்கு அவள் புருஷன் எலிகியோ பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தான். நாயேலியையோ சின்னவளையோ அவன் அப்படித் தூக்கிக்கொண்டு போனதே இல்லை.

ஏழு பேரும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

"எங் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா என் மாமியா இன்னும் உசுரோட இருப்பாளாடி?" என்று சொல்லிக்கொண்டே நிகானோரா முதலில் நெற்றியைத் தொட்டாள். "ஐயோ, இமையப் பாரேன். அப்பன உரிச்சு வச்சிருக்கு."

பிள்ளை முனகினான்.

அடுத்தவள் தொட்டாள். அவளும் இமையைப் பற்றித்தான் சொன்னாள். அதற்கடுத்தவளும்.

ஹெர்மீனியா அடுப்படியை விட்டு நகரவில்லை. அவர்கள் ஒவ்வொருத்தியும் இமை, இமை என்று சொல்லும்போதெல்லாம், தோசைக்கல்லில் மிளகாய் கருகுவது போல நெஞ்சு காந்தியது.

ஆறாவதாக வந்தவள் மாவு மில்லுக்காரி. அவள் பார்த்தால் புதுப் பானையும் விரிசல் விடும் என்று ஊரில் பேச்சு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹெர்மீனியாவும்தான். அவளாக இருக்கட்டும், அவளாகவே இருக்கட்டும்.

மில்லுக்காரி தொட்டாள். முனகல் நிற்கவில்லை.

"பாத்துக்குங்க! நான் இல்ல!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஏழாவது கையும் தொட்டுவிட்டு விலகியது.

வாசல்படியில் எலிகியோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு அழுதான். மகள்கள் இரண்டு பேருக்கும் அம்மை கண்டபோது ஒரு நாள்கூட வேலைக்கு லீவு போடாதவன்.

"இன்னும் யாரோ பாக்கி," என்றாள் தோமாசா.

நிகானோராவின் வாய் சும்மா இருக்குமா? "பெத்தவ ஒருத்திதான் பாக்கி. இவனைப் பழப்பெட்டியில போட்டு இந்த வாசல்ல வச்சிட்டு, பாட்ஸ்குவாரோவுல வடக்க பஸ் ஏறி இன்னையோட பதினாறு நாளாச்சு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பெத்த கை தொடாத கையாடி? அது இல்ல," என்றாள் தோமாசா.

யாரும் ஹெர்மீனியாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. வீட்டுக்காரி. பால்புட்டியைக் கொதிக்க வைப்பவள், துணி துவைத்துக் காயப்போடுபவள். கண் படாமலிருக்கச் சிவப்பு நூலில் மான்கண் விதையைக் கோத்தவளும் அவள்தான்.

கட்டியது நாயேலி. புட்டியைப் பிடிப்பதும், குளிப்பாட்டுவதும் நாயேலி. இரவில் எலிகியோ.

ஹெர்மீனியா காலையில் கதவோரம் நிற்பாள். தூங்கும் பிள்ளையின் இமைகளைப் பார்ப்பாள். அவள் பெற்ற இரண்டில் ஒன்றுக்குக்கூட வாய்க்காத இமைகள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பதினாறு காலை.

ஏழு பேரும் இங்கேதான் நிற்கிறார்கள். இப்போது தொட்டால், இருட்டுவதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். போகட்டும் என்று காத்திருக்கலாம். ஆனால் காப்பி வந்தால்தான் போவார்கள். அதைப் போட வேண்டியவளும் அவள்தான்.

பிள்ளை துவண்டுபோய் முனகலும் நின்றது. நாயேலி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

ஹெர்மீனியா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். இன்னொரு தடவை துடைத்தாள்.

"அவன இங்க குடு."

நாயேலி பிள்ளையை நீட்டினாள்.

இத்தனை நாள் வீட்டையே அமுக்கிக்கொண்டிருந்தவன், கையில் வாங்கியபோது ஒரு கோழிக்குஞ்சின் கனம்கூட இல்லை.

அவள் உள்ளங்கையை அவன் கண்கள் மேல் வைத்தாள்.

கைக்குள்ளே அந்த இமைகள் ஒரு தடவை படபடத்தன.