வெளுத்த பவளம்
மத்தியான வேளையில் வண்ணமீன் கடைக்காரர் தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறார். புது விளக்கு வாங்கிய ஆசையில், முதல் நாளே முழு வெளிச்சத்தையும் திறந்துவிட்டார். உள்ளே பச்சையாய் இருந்த உயிர்ப்பவளம் அந்த வெளிச்சம் தாங்காமல் சுண்ணாம்பாய் வெளுத்துச் சுருண்டுகிடக்கிறது. இப்போது விளக்கின் வெள்ளை ஒளியை அணைத்துவிட்டு, நீல ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். தண்ணீர் மங்குகிறது. மோட்டார் முனகுகிறது. "பச்சப் புள்ள வாயில விருந்துச் சோத்தத் திணிச்ச கதையால்ல இருக்கு," என்கிறாள் மனைவி, ஈரக் கையைத் துடைத்தபடி. "இப்ப கலரே தெரியலையேங்க?" "நமக்குத் தெரிய வேணாம்டி. அது பொழைச்சா போதும்." அவளும் பக்கத்தில் உட்கார்கிறாள். அவள் மூச்சுப்பட்டுக் கண்ணாடி பனிக்கிறது. உள்ளே, வெளுத்த மடிப்பு ஒன்றிலிருந்து நூல்நுனி அளவு பவளத்தின் விரல் ஒன்று நீண்டு, நீரோட்டத்தில் ஆடுகிறது. விளக்கின் திருகுக் குமிழிலிருந்து கையை எடுக்கவும் அவருக்குப் பயமாக இருக்கிறது.